கடைக்குப் பூட்டு, வீட்டுக்குக் காயம்

ரேசர், டூத்பிரஷ், பேட்டரி, மெமரி கார்டு, இயர்போன், சார்ஜர், கத்தரிக்கோல். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இந்தப் பொருட்களைச் சுற்றி இப்போதெல்லாம் ஒரு கவசம் வருகிறது. பொருளின் வடிவத்துக்கு வார்த்த இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை முகத்தோடு முகம் வைத்து, நாலு பக்கமும் சூடு கொடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பெட் பிளாஸ்டிக், சிலவற்றில் பிவிசி. உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். ஆனால் ஒட்டிய விளிம்பில் நகம் நுழையாது, பிடித்து இழுக்க ஒரு நுனி இருக்காது, எங்கே தொடங்குவது என்று சொல்லும் ஒரு கோடும் இருக்காது. கத்தரிக்கோலை வெளியே எடுக்க இன்னொரு கத்தரிக்கோலைத் தேடுவது வேடிக்கைதான். அது கிடைக்காமல் அடுக்களைக் கத்தியைக் கையில் எடுக்கிற நிமிடத்தில் வேடிக்கை முடிந்துவிடுகிறது. இந்த உறையைக் காயமில்லாமல் திறக்கும் வித்தை வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. திறக்கும் வழியைச் செய்து கொடுப்பது தயாரிப்பவரும் விற்பவரும் செய்ய வேண்டிய வேலை. அதைச் சட்டமும் தரநிர்ணயமும் கேட்டு வாங்க வேண்டும் என்பதே என் வாதம்.

காயம் எப்படி நேர்கிறது என்று பார்த்தால் குற்றம் யாருடையது என்பதும் தெரிந்துவிடும். இடது கையால் உறையை இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையிலுள்ள கத்தியை விளிம்பில் அழுத்துகிறோம். பிளாஸ்டிக் உடனே விட்டுக்கொடுப்பதில்லை. இன்னும் அழுத்துகிறோம். ஒரு கட்டத்தில் அது திடீரென்று இடம் கொடுக்கிறது. அதுவரை கொடுத்த விசையை நிறுத்தக் கைக்கு நேரமில்லை. கத்தி போகும் பாதையில் இருப்பது உறையைப் பிடித்திருக்கும் இன்னொரு கைதான். உள்ளங்கையிலும் விரல்களின் உள்பக்கத்திலும் தோலுக்குச் சற்றுக் கீழேயே விரலை மடக்கும் தசைநாண்களும், தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளும் ஓடுகின்றன. அங்கே விழும் சின்ன வெட்டுகூட விரலை மடக்க முடியாமல் செய்துவிடும். அறுவை சிகிச்சையில் தசைநாணைத் தைத்து, வாரக்கணக்கில் விரலை அசையாமல் கட்டி வைத்து, பிறகு பயிற்சி கொடுத்துத்தான் பழைய அசைவைக் கொண்டுவரப் பார்ப்பார்கள்; முழுதாக வராமல் போவதும் உண்டு. கத்தியே படாவிட்டாலும் தப்பிவிட்டோம் என்று சொல்ல முடியாது. பாதி வெட்டிய உறையைக் கையால் பிளந்து இழுக்கும்போது, வெட்டுப்பட்ட பிளாஸ்டிக் விளிம்பே பிளேடுபோல் விரலைக் கீறிவிடும். பல்லால் கடித்து இழுப்பவர்களுக்குப் பல் மருத்துவர் காத்திருக்கிறார். அரிவாள்மணையில் வைத்து அறுப்பவர்களும் உண்டு. அதைவிட மோசமான வழி வேறில்லை, ஏனென்றால் அங்கே இரண்டு கைகளும் அலகை நோக்கியே போகின்றன.

ஓரளவு பாதுகாப்பான வழிகள் இருக்கத்தான் செய்கின்றன. முதலில் உறையைப் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பது நல்லது. சிலவற்றில் அட்டைப் பகுதியில் புள்ளிக்கோடு இருக்கும், அங்கே கட்டைவிரலால் அழுத்தினாலே போதும். அது இல்லையென்றால் கத்தியை மறந்துவிட்டு, கனமான, நுனி மழுங்கிய கத்தரியை எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸில் அடிபட்டவரின் துணியை வெட்ட வைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் கத்தரி இதற்கு மிகப் பொருத்தம். தகரம் வெட்டும் கத்தரியும் ஆகும். உறையை மடியில் வைக்காமல் மேசையில் வைத்து, ஒட்டிய விளிம்புக்குச் சற்று உள்ளே, ஒரு பக்கத்தோடு நிறுத்தாமல் மூன்று பக்கமும் வெட்டிவிட்டால், இழுத்துப் பிளக்கும் வேலையே இருக்காது. ஒட்டிய விளிம்பு குறுகலாக இருந்தால், டின் திறக்கும் சக்கர ஓப்பனரை அதில் மாட்டித் திருகினாலும் வெட்டுப்படும். பிடிக்கும் கையில் தடித்த கையுறை இருந்தால் இன்னும் நல்லது. சரி, இத்தனை முன்னேற்பாடும் எதற்கு? ஒரு டூத்பிரஷ்ஷை வெளியே எடுப்பதற்கு. பட்டியலைப் படித்து முடித்ததும் எழ வேண்டிய கேள்வி, இவ்வளவையும் வாங்கியவர் தலையில் கட்டியது யார் என்பதுதான்.

இந்த உறை யாருக்காக வந்தது என்பதில் பதில் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் கடைக்காரர் நின்று, கேட்டதை எடுத்துக் கொடுத்த காலத்தில் பொருளுக்குக் காவல் அவரே. பேட்டரியை வெறும் அட்டைப் பெட்டியிலிருந்து எண்ணி எடுத்துக் கொடுத்தார். பிளேடு பாக்கெட் அவர் தலைக்கு மேல் தொங்கியது. வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட் முறை வந்தபோது அந்த மனிதர் மேசையைவிட்டு நகர்ந்தார். விலை கூடிய சின்னப் பொருளை யாரும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகாமலிருக்க, அதைப் பெரிய தகட்டுக்குள் சிறைவைக்க வேண்டியிருந்தது. உறை அகலமாக இருப்பது பைக்குள் நுழையாமலிருக்க. கிழியாமல் இருப்பது கடைக்குள்ளேயே பிரித்து எடுக்க முடியாமலிருக்க. மேலே துளை இருப்பது கம்பியில் மாட்ட. தெளிவாக இருப்பது கண்ணை இழுக்க. ஒவ்வொரு அம்சமும் கடையின் தேவை. வீட்டில் ஒருவர் அதைத் திறப்பார் என்ற நினைப்பு அதன் வடிவமைப்பில் எங்கும் தெரியவில்லை. ஆட்கூலியை மிச்சப்படுத்திய கடை, அந்த ஆள் செய்த காவல் வேலையைப் பிளாஸ்டிக்கிடம் ஒப்படைத்தது. அந்தக் காவலை நீக்கும் வேலையை மட்டும் நம்மிடம் தள்ளிவிட்டது.

நம் ஊர் எலெக்ட்ரிகல் கடைகளில் இன்னும் உயிரோடிருக்கும் ஒரு வழக்கத்தை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். பல்பு வாங்கினால் கடைக்காரர் அட்டைப் பெட்டியைத் திறந்து, பல்பை ஹோல்டரில் மாட்டி, எரியவிட்டுக் காட்டிய பிறகே பில் போடுவார். பெட்டியின் மூடியைத் திறந்து மூடலாம், பல்பு உள்ளே திரும்பப் போகும், யாருக்கும் நஷ்டமில்லை. வாங்குகிறவர் பொருள் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கிறார். மூடி ஒட்டிய உறையில் இந்த உரிமை போய்விடுகிறது. பணத்தைக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், உறையைச் சின்னாபின்னமாக்கிய பிறகுதான் சார்ஜர் வேலை செய்கிறதா என்றே தெரியும். திரும்பக் கொண்டுபோனால், 'பேக்கிங் பிரிச்சிட்டீங்களே' என்கிறார்கள்.

திருட்டு உண்மையான பிரச்சினைதானே என்று வணிகர்கள் கேட்பார்கள். உண்மைதான். சின்னப் பொருட்கள் காணாமல் போனால் நஷ்டம் கடைசியில் விலையில் ஏறும் என்பதும் சரி. ஆனால் திருட்டைத் தடுக்கும் பூட்டு பணம் கட்டும் இடம்வரை இருந்தால் போதும். தி. நகர் ஜவுளிக்கடைகளில் புடவையிலும் சட்டையிலும் மாட்டியிருக்கும் கனத்த பிளாஸ்டிக் டேகை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பில் போடுகிறவர் அதை ஒரு காந்தக் கருவியில் வைத்துக் கழற்றி, கூடையில் போட்டுவிட்டுத் துணியை மட்டும் கொடுக்கிறார். அது மறுநாள் வேறொரு சட்டையில் தொங்கும். இதே தத்துவத்தில், ரேசரையும் மெமரி கார்டையும் வைத்துப் பூட்டும் தெளிவான பிளாஸ்டிக் பெட்டிகளைப் பல பெரிய கடைகள் பயன்படுத்துகின்றன. கவுன்ட்டரில் காந்தத் திறப்பானால் திறந்து பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியைக் கடையே வைத்துக்கொள்கிறது. துணிக்கு முடிந்தது பேட்டரிக்கு முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஒட்டிய உறையைக் கடைகள் விரும்பக் காரணம் வேறு. மாட்டிக் கழற்றும் பூட்டுக்குக் கடை செலவழிக்க வேண்டும். ஒட்டிய உறைக்கான செலவு தயாரிப்பாளருடையது, அதைத் திறக்கும் சிரமம் வாங்கியவருடையது. மூன்று பேரில் கடைக்கு மட்டும் எல்லாம் இலவசம்.

ஆன்லைனில் வாங்கும் பொருளில் இந்தச் சமாதானமும் இல்லை. அங்கே அலமாரி இல்லை, மாட்டும் கம்பி இல்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நழுவ ஆளுமில்லை. ஆனாலும் கடைக்காகச் செய்த அதே உறை, அட்டைப் பெட்டிக்குள் இன்னொரு சட்டையாக வந்து சேர்கிறது. இதை மாற்ற முடியும் என்பது பழைய செய்தி. 2008 நவம்பரில் அமேசான் அமெரிக்காவில் 'எரிச்சலூட்டாத பேக்கிங்' என்ற பொருள்படும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மேட்டல், ஃபிஷர் பிரைஸ், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களின் 19 பொருட்களோடு ஆரம்பித்த அந்தத் திட்டத்தில், கத்தியோ கத்தரியோ இல்லாமல் கையாலேயே திறக்கும் சாதாரண அட்டைப் பெட்டியில் பொருள் வந்தது. ஃபிஷர் பிரைஸின் ஒரு கடற்கொள்ளையர் கப்பல் பொம்மையிலிருந்து மட்டும் 36 அங்குலம் பிளாஸ்டிக் சுற்றிய கட்டுக்கம்பி, 1,576 சதுர அங்குலம் அச்சிட்ட உள் அட்டை, 175 சதுர அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான பிவிசி உறை ஆகியவை நீக்கப்பட்டதாக அப்போது கணக்குக் கொடுத்தார்கள். உள்ளே இருந்த பொம்மை அதே பொம்மைதான். அதை விற்கத் தேவைப்பட்ட அலங்காரம் மட்டுமே போயிற்று. ஒரு நிறுவனம் தன் லாபத்துக்காகச் செய்ததைப் புகழ வேண்டியதில்லை. ஆனால் 'வேறு வழியே இல்லை' என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி அது செய்து காட்டிவிட்டது.

அடுத்து வருவது போலிப் பொருள் பயம். சார்ஜரிலும் மெமரி கார்டிலும் போலிகள் மலிந்த நம் நாட்டில், எளிதாகத் திறந்து மூட முடிகிற பெட்டி வந்தால் அசலை எடுத்துவிட்டு நகலை வைத்துவிடுவார்கள் என்ற வாதத்துக்குக் கனம் உண்டு. இங்கே இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு பெட்டி ஏற்கெனவே திறக்கப்பட்டதா என்று காட்டுவது ஒன்று; திறக்கவே முடியாமல் செய்வது இன்னொன்று. 1982-ல் சிகாகோ பகுதியில் டைலனால் மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். அதன்பின் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கடையில் நேரடியாக விற்கும் மருந்துகளின் உறைக்குக் கொண்டுவந்த விதி, திறந்திருந்தால் வாங்குகிறவர் கண்ணுக்கு அது தெரிய வேண்டும் என்ற நோக்கத்தில் எழுந்தது. குப்பியின் வாயை மூடிய மெல்லிய படலமும், மூடியைச் சுற்றிய ஒரு பட்டையும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. தண்ணீர் பாட்டில் மூடிக்குக் கீழே இருக்கும் வளையம் திருகியதும் அறுந்துவிடுகிறது. ஒருமுறை அறுந்தால் மறுபடி ஒட்டாது. சமையல் எரிவாயு சிலிண்டரின் வாயில் இருக்கும் சீலைப் பார்த்துவிட்டுத்தான் நாம் சிலிண்டரை உள்ளே வாங்குகிறோம். வெடிக்கக்கூடிய பொருளுக்கே கையால் உரித்தெடுக்கும் சீல் போதுமானதாக இருக்கும்போது, இயர்போனுக்குக் கவசம் எதற்கு? போலி தயாரிப்பவர்களிடமும் சூட்டால் ஒட்டும் இயந்திரம் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. கெட்டியான உறைக்குள் இருக்கிறது என்பதாலேயே ஒரு பொருள் அசலாகிவிடாது.

குழந்தைகளின் பாதுகாப்பு இவற்றைவிட வலுவான ஆட்சேபம். அதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. சில பொருட்கள் கஷ்டப்பட்டுத்தான் திறக்க வேண்டும். ரிமோட்டிலும் பொம்மையிலும் போடும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடக்கூடும். ஆஸ்திரேலியா 2022 ஜூனில் இதற்கான கட்டாயத் தரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கா அதே ஆண்டு ஆகஸ்டில் தனிச் சட்டம் இயற்றியது. இரண்டும் இந்தப் பேட்டரிகளின் உறை குழந்தைகளால் திறக்க முடியாததாக இருக்க வேண்டும் என்கின்றன. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் குழந்தையால் திறக்க முடியாத உறை பெரியவராலும் திறக்க முடியாததாக இருக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் மருந்துக் குப்பி விதிகளில் அரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது.

1970-ல் இயற்றிய நச்சுத் தடுப்பு பேக்கிங் சட்டத்தின் கீழ், மருந்துக் குப்பிகளைக் குழந்தைகளிடம் கொடுத்தே சோதிக்கிறார்கள். 42 முதல் 51 மாதம்வரை வயதுள்ள பிள்ளைகளிடம் குப்பியைக் கொடுத்து ஐந்து நிமிடம் முயலச் சொல்கிறார்கள். திறக்காவிட்டால் எப்படித் திறப்பது என்று ஒருமுறை செய்து காட்டி, வேண்டுமானால் பல்லையும் பயன்படுத்தலாம் என்று சொல்லி, இன்னும் ஐந்து நிமிடம் கொடுக்கிறார்கள். செய்து காட்டிய பிறகும் 80 சதவீதப் பிள்ளைகளால் திறக்க முடியாதிருந்தால் குப்பி தேறியது. கதை இத்தோடு முடியவில்லை. இப்படித் தேறிய குப்பிகளை வயதானவர்களால் திறக்க முடியவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? மூடியைச் சரியாக மூடாமல் விட்டார்கள், மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டி வைத்தார்கள். தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்த பேரப்பிள்ளைகளின் கைக்கு அவை எளிதாக எட்டின. குழந்தையைக் காக்கச் செய்த மூடி, பெரியவரைத் திணறடித்ததாலேயே குழந்தைக்கு ஆபத்தாகத் திரும்பியது. எனவே 1995-ல் விதியைத் திருத்தி, 50 முதல் 70 வயதுவரை உள்ளவர்களையும் சோதனையில் சேர்த்தார்கள். முதல்முறை ஐந்து நிமிடத்தில், இரண்டாம் முறை ஒரு நிமிடத்தில், அவர்களில் 90 சதவீதத்தினர் திறக்க வேண்டும். அழுத்திக்கொண்டே திருகும் மூடி போன்ற வடிவங்கள் இந்த இரட்டைச் சோதனையைத் தாண்டுகின்றன, ஏனென்றால் அவை கேட்பது பலத்தை அல்ல, ஒரே நேரத்தில் இரண்டு அசைவுகளைச் சேர்த்துச் செய்யும் புரிதலை. கடின உறை கேட்பதோ வெறும் பலத்தை. அதனால்தான் அது பலமில்லாதவரைத் தண்டிக்கிறது.

அப்படித் தண்டிக்கப்படுகிறவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம், நாட்டின் சராசரி 8.6. அதன்பின் இந்தப் பங்கு ஏறித்தான் இருக்கும். வயது ஏற ஏறக் கைப்பிடியின் வலு குறைவது இயற்கை. அதோடு முடக்குவாதம் சேர்ந்தால் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் கிள்ளிப் பிடிப்பதே வேதனை. பார்க்கின்சன் நோயில் கை நடுங்கும். பக்கவாதத்துக்குப் பின் ஒரு கை மட்டுமே வேலை செய்பவருக்கு, ஒரு கையால் பிடித்து மறு கையால் வெட்டும் இந்த உறை மூடிய கதவுதான். பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்க, தனியாக வாழும் முதியவர்கள் நிறைந்த ஊர்கள் நம்மிடம் நிறைய. காது கேட்கும் கருவிக்குப் பேட்டரி மாற்ற, பக்கத்து வீட்டுப் பையன் பள்ளியிலிருந்து வரும்வரை ஒருவர் காத்திருக்க வேண்டியிருந்தால், அந்தப் பொருள் அவருக்குப் பாதிதான் விற்கப்பட்டிருக்கிறது. ஜப்பான் இதை முன்பே உணர்ந்தது. முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் மனதில் வைத்து உறைகளும் கலன்களும் எப்படி இருக்க வேண்டும் என்று 2000-லேயே தேசியத் தரம் வகுத்தது. சர்வதேசத் தர அமைப்பு 2015-ல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 17480, உறையைத் திறப்பது எவ்வளவு எளிது என்பதை மதிப்பிடவே எழுதப்பட்டது. திறக்கத் தேவைப்படும் விசையைக் கருவியால் அளக்கவும், மனிதர்களிடம் கொடுத்துச் சோதிக்கவும் அது வழி சொல்கிறது. 'எளிது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை எப்படி விதியாக்குவது?' என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

இவ்வளவு பேச இது ஒரு விஷயமா, நாட்டில் வேறு பிரச்சினையே இல்லையா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அமெரிக்காவில் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் எந்தப் பொருளால் காயம் வந்தது என்பதைப் பதிவு செய்யும் ஏற்பாடு உண்டு. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அந்தக் கணக்கை வைத்து, பிளாஸ்டிக் உறையைத் திறக்கும்போது காயப்பட்டு 2004-ல் அவசரப் பிரிவுக்குப் போனவர்கள் 6,000-க்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். 2006-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், திறக்க மிகவும் பாடுபடுத்தும் உறைகளுக்கு 'சிப்பி விருது' என்று கேலியாக ஒன்றை அறிவித்தது. அதில் ஒரு கம்பியில்லாத் தொலைபேசியை அதன் கடின உறையிலிருந்து விடுவிக்க 9 நிமிடத்துக்கு மேல் ஆனது. நம் மருத்துவமனைச் சீட்டில் இப்படிப்பட்ட காயத்துக்குக் 'கத்தி வெட்டு' என்று எழுதுவார்கள். பழி கத்திக்கும் அதைப் பிடித்தவரின் அவசரத்துக்கும் போகிறது. கணக்கில் வராததாலேயே ஒன்று சிறிய விஷயமாகத் தோன்றுவது நமக்குப் புதிதல்ல. காயத்துக்குத் தையல் போட்டு, இரண்டு வாரம் கையை நனைக்காமல் வேலை பார்க்கச் சொன்னால், தட்டச்சு செய்பவரும் தையல்காரரும் பாத்திரம் கழுவிப் பிழைப்பவரும் அதைச் சிறிதென்று சொல்ல மாட்டார்கள்.

சட்டத்துக்கு வருவோம். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள், உறையின் மேல் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. எண்ணும் எழுத்தும் எத்தனை மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்கின்றன. உறையின் முகத்தை மில்லிமீட்டர் கணக்கில் பார்த்த அரசு, அதன் விளிம்பைப் பார்க்கவில்லை. ஆனால் அதற்கான அதிகாரம் கைவசமே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 43-ஆம் பிரிவு, அனைவருக்கும் ஏற்ற வடிவமைப்புள்ள நுகர்பொருட்களின் உருவாக்கத்தையும் உற்பத்தியையும் விநியோகத்தையும் ஊக்குவிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. பொருள் அனைவருக்கும் ஏற்றது, உறை மட்டும் இரும்புப் பிடி உள்ளவருக்கு என்றால் அந்தப் பிரிவுக்கு என்ன அர்த்தம்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வடிவமைப்பில் குறையுள்ள பொருளாலும், சரியான பயன்பாட்டுக்குப் போதிய அறிவுறுத்தல் இல்லாத பொருளாலும் நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. எங்கே வெட்டுவது என்று ஒரு கோடுகூட இல்லாத உறை இதற்குள் வரும் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. ஒரு நுகர்வோர் ஆணையத்தில் யாராவது வாதிட்டுப் பார்க்க வேண்டும்.

செலவு கூடும் என்பது கடைசி ஆட்சேபம். புள்ளிக்கோடு போடுவதற்கும், ஒரு மூலையை ஒட்டாமல் நாக்குபோல் விடுவதற்கும் அச்சில் ஒருமுறை மாற்றம் செய்தால் போதும். பொருளைச் சின்னப் பிளாஸ்டிக் குமிழில் வைத்து, அதைக் கிழியாத படலம் சேர்த்த இரண்டு அட்டைகளுக்கு நடுவே பிடித்துவைக்கும் முறை பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளது. கடையில் கையால் கிழிக்க வராது, வீட்டில் சாதாரணக் கத்தரியால் அட்டையை வெட்டினால் வந்துவிடும், பிளாஸ்டிக்கும் குறைவு. 2022-ல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை வழிகாட்டுதலில் கடின பிளாஸ்டிக் பேக்கிங்தான் முதல் வகை. அதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தியாளர் தலையில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. குறைந்த பிளாஸ்டிக் என்றால் அந்தச் சுமையும் குறைவு. பெட் உறைகளோடு பிவிசி உறை கலந்துவிட்டால், பெட் உருகும் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலத்தைக் கக்கி மொத்தத்தையும் கெடுக்கும் என்பது மறுசுழற்சித் தொழிலில் இருப்பவர்களின் தினசரித் தலைவலி. வெட்டிப்போட்ட கூரான விளிம்புகள் குப்பைக்குள் போன பிறகு அங்கே கை விடுகிற தூய்மைப் பணியாளரை எந்தச் செலவுக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. ஐஎஸ்ஓ தரத்தை ஒட்டி இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு சோதனை முறையை வகுத்து, பேட்டரி, ரேசர், மின்துணைப் பொருட்கள் என்று சில வகைகளில் முதலில் கட்டாயமாக்கலாம். குழந்தைகளுக்கு ஆபத்தான பொருட்களுக்கு இரட்டைச் சோதனை வைக்கலாம். அலமாரியே இல்லாத ஆன்லைன் விற்பனையில் மூடி ஒட்டிய கடின உறையை அனுமதிக்க வேண்டிய அவசியமே இல்லை. இவை வரும்வரை பெரிய கடைகள் பில் போடும் மேசையில் நல்ல கத்தரி ஒன்றை வைத்து, கேட்பவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். பொருளை அங்கேயே பார்த்து வாங்கிக்கொள்ளும் வசதியும் அதோடு வந்துவிடும். இதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். ஆனால் ஒன்றுக்கு மட்டும் ஆணை கட்டாயம் தேவை. உடைக்காமல் திறக்கவே முடியாத உறையில் பொருளை விற்றுவிட்டு, உறை உடைந்திருப்பதைக் காரணம் காட்டிப் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவிக்க வேண்டும்.